வாள் போதும், கணக்கைக் காட்டுங்கள்

திருத்தணி மலைக்குப் படியேறுகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்த ஊர் ஒரு காலத்தில் யாருக்கு வரி கட்டியது என்று தெரியும்? வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்த நாளில் திருத்தணி தாலுகா, கார்வேட்டிநகரம் ஜமீனின் ஒரு பகுதி. ஜமீனின் தலைநகரமான கார்வேட்டிநகரம், நகரி, புத்தூர் பக்கம் போனால் வரும். அங்கே வேணுகோபால சுவாமி கோயில் இருக்கிறது. இப்போது திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் நிர்வாகம். ஸ்கந்த புஷ்கரணி என்ற அழகான திருக்குளமும் இருக்கிறது. சாரங்கபாணி எழுதிய வேணுகோபால பதங்கள் பிறந்ததும் இந்த சமஸ்தானத்தில்தான். நாட்டிய மேடையில் அவற்றுக்கு இன்றும் மவுசு உண்டு. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1888-ல் திருத்தணியில் பிறந்தபோது, அவருடைய தந்தை ஜமீனில் சொற்பச் சம்பளத்துக்கு வருவாய்க் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். நாட்டின் இரண்டாவது குடியரசுத் தலைவர் பிறந்த வீட்டில் அடுப்பெரிந்தது ஜமீன் சம்பளத்தில் என்றால், அந்த ஜமீனின் கதை திருத்தணிக்கும் சொந்தம்தான்.

ஆனால் அந்தக் கதையைத் திருத்தணியில் எங்கே போய்ப் பார்ப்பது? எங்கும் முடியாது.

இத்தனைக்கும் இந்த ஊர் தன் பழமையை மறந்த ஊர் அல்ல. இங்குள்ள வீரட்டானேசுவரர் கோயிலைப் பல்லவ மன்னன் அபராஜிதன் காலத்தில் நம்பி அப்பி என்பவர் கட்டினார். அந்தத் திருப்பணியை வியந்து மன்னனே பாடிய வெண்பா அங்கே கல்லில் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் கோயில் கட்டியவர் பெயரை நம்மால் சொல்ல முடிகிறது. நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இதே ஊரில் எந்தக் குடியானவர் எவ்வளவு கிஸ்தி கட்டினார், பஞ்ச காலத்தில் யாருக்குத் தள்ளுபடி கிடைத்தது, யார் நிலம் ஏலத்துக்குப் போனது என்பதைச் சொல்ல ஆளில்லை. கல்லில் வெட்டியது மிஞ்சியது, காகிதத்தில் எழுதியது சிதறிவிட்டது.

சிதறியதில் எல்லைப் பிரிவினைக்கும் பங்குண்டு. 1911-ல் சித்தூர் மாவட்டம் உருவானபோது திருத்தணி அதற்குள் போனது. 1953-ல் ஆந்திரம் தனி மாநிலமானதும் அந்தப் பக்கம் சேர்ந்தது. ம.பொ.சி.யும் அவரோடு நின்றவர்களும் வடக்கெல்லைக்காகப் போராடினார்கள். நடுவராக வந்த படாஸ்கர் சமரசம் பேசினார். கடைசியில் 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. ஊர் வந்தது, ஜமீன் தலைநகரம் வரவில்லை. அதனால் இந்த ஊரின் இருநூறு ஆண்டுக் காகிதங்களைத் தேடுகிறவர் சித்தூருக்கும் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கும் நடுவே அலைய வேண்டும். அரசு ஆவணங்களின் கதி இது. அரண்மனையிலும் அதன் ஊழியர் வீடுகளிலும் இருந்தவை எங்கே போயின என்பதைக் கேட்பாரில்லை.

பழைய பிரபுக் குடும்பங்கள் தம் வீட்டையும் பரம்பரைப் பொருள்களையும் ஊருக்குத் திறந்து காட்ட வேண்டும் என்று சொன்னால், உடனே ஒரு கேள்வி வரும்: 'ஜமீன்தார் உட்கார்ந்த நாற்காலியைப் பார்த்து எனக்கென்ன ஆகப்போகிறது?' நியாயமான கேள்வி. நாற்காலியோடு நிறுத்திக்கொண்டால் ஒன்றும் ஆகாது. அந்த நாற்காலிக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று சொல்லும் கணக்கும் பக்கத்தில் இருந்தால்தான் பார்க்க வருகிறவருக்கு அதில் வேலை உண்டு. ஏனென்றால் அந்தக் கணக்கில் அவருடைய பாட்டனார் பெயர் இருக்கலாம்.

சிங்கம்பட்டியை எடுத்துக்கொள்வோம். தமிழகத்தில் முடிசூட்டிக்கொண்ட கடைசி ஜமீன்தார் என்று பெயர் பெற்ற முருகதாஸ் தீர்த்தபதி 2020 மே மாதம் காலமானார். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் ராஜ உடையில் அவர் வீற்றிருப்பதைப் பார்க்கவே கூட்டம் கூடும். அரண்மனைக்கு வந்தவர்களுக்கு அவரே பழங்கதைகளைச் சொல்வார். ஆங்கிலமும் தமிழும் சரளம், நினைவாற்றல் அபாரம். அப்படி வீட்டுக்காரரே நின்று சொல்லும்போது கிடைக்கிற சுவையை எந்த அரசு அருங்காட்சியகமும் தர முடியாது. கண்ணாடிப் பெட்டிக்குள் 'வாள், 19-ம் நூற்றாண்டு' என்று சீட்டு ஒட்டியிருப்பது ஒன்று. 'இதைத் தாத்தா பூஜைக்கு மட்டும்தான் எடுப்பார்' என்று பேரன் சொல்வது வேறு.

ஆனால் சிங்கம்பட்டி ஜமீனின் ஆவணங்களில் மிக முக்கியமானது வாளோ கிரீடமோ அல்ல. 1929-ல் மேற்குத் தொடர்ச்சி மலையில் 8,374 ஏக்கர் காட்டை பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட பத்திரம்தான் அது. 1919-ல் சென்னை நியூயிங்டன் மாளிகையில் இளம் ஜமீன்தார்கள் படித்த விடுதிப் பள்ளியின் தலைவர் டி லா ஹே சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் சிங்கம்பட்டி வாரிசின் பெயரும் அடிபட்டது. வழக்குச் செலவில் ஏறிய கடனை அடைக்கத்தான் காடு குத்தகைக்குப் போனது என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். காடு மாஞ்சோலை தேயிலைத் தோட்டமானது. அங்கே தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். அவர்கள் கூலி உயர்வு கேட்டு 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் ஊர்வலம் போனபோது போலீஸ் தடியடி நடத்தியது. தாமிரபரணியில் 17 பேர் உயிரிழந்தார்கள். குத்தகை 2028-ல் முடிகிறது. அதற்கு முன்பே, 2024-ல், கம்பெனி தொழிலாளர்களை விருப்ப ஓய்வில் அனுப்பத் தொடங்கிவிட்டது. வீட்டைவிட்டு எங்கே போவது என்று தெரியாமல் நின்ற குடும்பங்களுக்கு அரண்மனை வாளைவிட அந்த ஒரு பத்திரம்தான் தங்கள் பூர்விகக் கதை.

செட்டிநாட்டுக்கு வந்தால் இன்னொரு விதம். கானாடுகாத்தானிலும் ஆத்தங்குடியிலும் சில பெரிய வீடுகள் பயணிகளுக்குத் திறந்திருக்கின்றன. சில வீடுகள் தங்கும் விடுதிகளாகிவிட்டன. கட்டணம் கட்டி உள்ளே போனால் ஆத்தங்குடிக் கற்கள் பதித்த தரை, முட்டை வெள்ளைக் கரு சேர்த்துப் பூசிய பளபளச் சுவர், பர்மா தேக்குத் தூண்கள், பெல்ஜியம் கண்ணாடி, ரவிவர்மா படங்கள் எல்லாம் பார்க்கலாம். பூட்டிக் கிடக்கிற வீடுகளோ ஏராளம். காரணம் சோம்பல் அல்ல. ஒரு வீட்டுக்கு முப்பது, நாற்பது பங்காளிகள் இருப்பார்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் அமெரிக்காவில். வளவைச் சுற்றியுள்ள அறைகளில் ஆளுக்கொன்றில் உரிமை. கல்யாணத்துக்கும் படைப்புக்கும்தான் எல்லோரும் கூடுவார்கள். ஓடு மாற்றுவதற்குக்கூட அத்தனை பேரின் சம்மதமும் வேண்டும். ஒத்துப்போகாத இடத்தில் வீட்டை இடித்துத் தூணும் கதவும் நிலையும் தனித்தனியாக விலைக்குப் போகின்றன. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் வரிசையாக இருக்கும் பழம்பொருள் கடைகளில் அப்படி வந்தவற்றைப் பார்க்கலாம்: எனாமல் தூக்குச்சட்டி, அரக்குப் பூசிய பர்மா பெட்டி, மரப்பாச்சி, யாரோ ஓர் ஆச்சியின் பெயர் பொறித்த பித்தளை அண்டா. அந்த ஆச்சி யார் என்று கடைக்காரரால் சொல்ல முடியாது. அண்டா வீட்டிலேயே இருந்திருந்தால், எந்தக் கல்யாணத்துக்கு எந்தச் சீராக வந்தது என்று இசைகுடிமானம் என்ற கல்யாண ஒப்பந்தத்தைப் பார்த்தே சொல்லியிருப்பார்கள்.

திறந்திருக்கும் வீடுகளிலும் ஒரு குறை. தேக்குத் தூணைக் காட்டுகிறார்கள், தேக்கு வந்த வழியைக் காட்டுவதில்லை. செட்டியார்கள் பர்மாவில் கிட்டங்கி வைத்து வட்டித்தொழில் செய்தார்கள். அந்தப் பணத்தில்தான் கீழ் பர்மாவின் நெல் வயல்கள் விரிந்தன. உலகத்துக்கே அரிசி அனுப்பும் நாடாக பர்மா வளர்ந்ததில் அவர்களுக்குப் பெரும் பங்குண்டு. 1930-களின் பொருளாதார மந்தத்தில் அரிசி விலை விழுந்தது. கடன்பட்ட பர்மிய விவசாயிகளின் நிலங்கள் கைமாறின. 1930-ல் முக்கியமான நெல் மாவட்டங்களில் ஆறு சதவீதமாக இருந்த செட்டியார் நிலம், 1930-களின் முடிவில் கால்பங்கானது. செட்டியார்களும் இதைத் தேடிப் போய் வாங்கவில்லை. கைக்கு ரொக்கம் வேண்டும் என்றவர்களிடம் நிலம் வந்து விழுந்தது. பிறகு போரும் பர்மிய அரசின் சட்டங்களும் சேர்ந்து அதையும் பறித்தன. பேரேடும் ஐந்தொகையும் இன்னும் சில வீடுகளின் பெட்டகத்தில் இருக்கலாம். அவற்றில் நாலு பக்கத்தைத் தூணுக்குப் பக்கத்தில் விரித்து வைத்தால், பார்க்கிறவருக்குக் கட்டடத்தின் அழகோடு அதன் விலையும் விளங்கும். வீட்டுக்காரருக்கு அதில் அவமானம் ஒன்றுமில்லை.

இதைப் பேசினால் வீட்டுக்காரர்கள் தயங்குவது இயல்புதான். பிரிட்டனில் என்ன நடந்தது என்று பார்க்கலாம். வாரிசு வரியின் சுமை தாங்காமல் பிரபுக்கள் தங்கள் மாளிகைகளை இடித்துத் தள்ளிய காலம் அங்கே உண்டு. 1937-ல் நேஷனல் டிரஸ்ட் ஒரு வழி கண்டது: மாளிகையை அறக்கட்டளையிடம் எழுதிக்கொடுத்துவிட்டுக் குடும்பம் அங்கேயே குடியிருக்கலாம், மக்களும் வந்து பார்க்கலாம். 1949-ல் பாத் பிரபு லாங்லீட் மாளிகையைக் கட்டணம் வைத்துத் தானே திறந்தார். எழுபது ஆண்டுகள் கழித்து, 2020-ல், அதே நேஷனல் டிரஸ்ட் தன் கையிலிருக்கும் 93 இடங்களுக்கு அடிமை வணிகத்தோடும் காலனிய ஆட்சியோடும் உள்ள தொடர்பைப் பட்டியலிட்டு அறிக்கை விட்டது. பத்திரிகைகளிலும் பாராளுமன்றத்திலும் பெரும் சண்டை. ஆனாலும் மாளிகை பார்க்க வரும் கூட்டம் வந்துகொண்டுதான் இருக்கிறது.

நம் நாட்டில் மன்னர் மானியம் நின்ற மறுவருடமே, 1972-ல், ஜோத்பூர் ராஜா கஜ் சிங் மெஹ்ரான்கர் கோட்டைக்கு அறக்கட்டளை அமைத்தார். ஜெய்ப்பூர் அரண்மனையில் 1959 முதலே அருங்காட்சியகம் உண்டு. தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு அந்த அளவு செல்வம் இல்லை, உண்மைதான். 1948-ன் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தோடு ஜமீன்களின் வருமானம் நின்றது. இருந்தாலும் நம்மிடம் இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. தஞ்சை மராட்டிய அரச குடும்பத்தின் சரஸ்வதி மகால் நூலகம் 1918-ல் பொதுச்சொத்தானது. சரபோஜியின் சுவடிகளைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அரண்மனையின் மோடி எழுத்து ஆவணங்களைப் பற்றிப் பேசுவோர் குறைவு. யாருக்கு எவ்வளவு சம்பளம், எந்த விழாவுக்கு என்ன செலவு என்ற அன்றாடக் கணக்கெல்லாம் அதில்தான் இருக்கிறது. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு, அவர் வாரிசுகளிடம் கிடந்து 1846-ல் கலுவா மோன்பிரோன் என்பவர் கண்ணில் பட்டது. அவர் அதைப் பிரதி எடுத்தார். அந்தக் குடும்பம் மட்டும் அப்போது 'எங்கள் வீட்டுக் காகிதம், தரமாட்டோம்' என்று சொல்லியிருந்தால், பிரெஞ்சுக் காலத்துப் புதுச்சேரியின் உள்விவகாரங்களை இன்று பிரெஞ்சு அதிகாரிகளின் கடிதங்களிலிருந்து மட்டுமே படித்துக்கொண்டிருப்போம்.

பொருளை இழந்துவிடுவோமோ என்ற பயமும் இருக்கிறது. தொல்பொருள் சட்டம் 1972-ல் வந்தது. நூறு ஆண்டு தாண்டிய பொருள் தொல்பொருள். கையெழுத்துச் சுவடிக்கு எழுபத்தைந்து ஆண்டு போதும். சிலை, ஓவியம் போன்றவற்றைப் பதிவு செய்ய வேண்டும், வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. பதிவு செய்தால் உரிமை போய்விடாது. ஆனால் தேவைப்பட்டால் அரசே கட்டாயமாக எடுத்துக்கொள்ளலாம் என்ற பிரிவும் அதே சட்டத்தில் இருப்பதால் பலர் பரணிலேயே வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். கரையானுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது.

காகிதத்தைப் பொறுத்தவரை இந்தப் பயத்துக்கும் மாற்று உண்டு. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணத் திட்ட உதவியோடு, தமிழக கிராமங்களில் வீடு வீடாகப் போய் நில ஆவணங்களையும் ஊர்ப் பஞ்சாயத்துத் தீர்ப்புகளையும் படம் பிடித்திருக்கிறது. படம் மட்டும்தான் பொதுவில். மூலப் பத்திரம் உரியவரிடமே. அரண்மனைக்கு மட்டுமல்ல, கர்ணம் வீட்டுக்கும் இது பொருந்தும். தமிழகத்தில் 1980-லும் ஆந்திரத்தில் 1984-லும் கர்ணம் பதவி போனது. பதவி போனாலும் பல வீடுகளில் பழைய அடங்கலும் சிட்டாவும் மூட்டையாகக் கிடக்கின்றன. திருத்தணி, பள்ளிப்பட்டு பக்கத்து கர்ணம் வீடுகளில் அவை பாதி தமிழிலும் பாதி தெலுங்கிலும் இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டையும் சரளமாகப் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் சில ஆண்டுகளே இருப்பார்கள்.

திருத்தணியில் இதைத் தொடங்க அரண்மனை எதுவும் தேவையில்லை. ஆடிக் கிருத்திகைக்கு லட்சக்கணக்கில் காவடி வரும் ஊர் இது. ஏதாவதொரு சத்திரத்தின் ஒரு கூடம் போதும். எழும்பூரிலும் சித்தூரிலும் உள்ள கார்வேட்டிநகரம் ஜமீன் கோப்புகளின் பிரதியை இரண்டு மாநிலங்களும் கொடுக்கட்டும். ஜமீன் குடும்பத்தினரையும் பழைய ஊழியர் குடும்பத்தினரையும் கூப்பிட்டுக் கேட்கட்டும். படமோ கடிதமோ கொடுக்கிறவர்கள் கொடுப்பார்கள். எல்லையை மாற்றி எழுதிய 1959-ம் ஆண்டுச் சட்டம் கிராமங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பிரித்தது. அந்தப் பட்டியலிலுள்ள கிராமங்களின் வரிசையிலேயே ஜமீன் கணக்கையும் அடுக்கி வைத்தால், வருகிறவர்கள் முதலில் தேடப்போவது தங்கள் ஊர்ப் பெயரைத்தான்.