கிளாஸில் என்ன ஊற்றுவது?

'விஷுவல் நாவல்' என்று ஒரு வகை கேம் இருக்கிறது. பாதி கதைப் புத்தகம், பாதி விளையாட்டு. திரையில் ஆட்கள் பேசுவார்கள். நாம் படித்துக்கொண்டே போவோம். திடீரென்று கதை நின்று, 'இதற்கு என்ன பதில் சொல்லப் போகிறாய்?' என்று கேட்கும். பெரியவர்களுக்கானது என்றால் படுக்கையறைக் காட்சிதான் என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் உண்டு. ஆனால், வாடகை, வேலை, முறிந்த காதல் என்று வளர்ந்தவர்களின் கவலைகளைப் பேசும் கேம்களும் இருக்கின்றன.

வெனிசுலாவின் சுகேபான் கேம்ஸ் உருவாக்கி, 2016-ல் வெளியான 'வால்ஹாலா' அப்படி ஒன்று. வருங்காலத்தில், விலைவாசியும் கண்காணிப்பும் கழுத்தை நெரிக்கும் ஒரு நகரம். அங்கே ஒரு சின்ன பாரில் மதுவைக் கலந்து கொடுப்பவள் ஜில். வயது 27.

வேடிக்கை என்னவென்றால், இதில் பதில்களைத் தேர்ந்தெடுக்கவே முடியாது! ஜில் என்ன பேசுவாள் என்பது ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. நம் கையில் இருப்பது ஐந்து கலவைப் பொருட்களும் ஒரு கிளாஸும்தான்.

வருபவர்கள் எல்லோரும் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. 'இனிப்பா ஏதாவது' என்பார்கள். 'வழக்கமானதைக் கொடு' என்பார்கள். போன தடவை என்ன குடித்தார் என்பது நமக்கு நினைவிருக்க வேண்டும். ஐந்து பொருட்களில் ஒன்று போதை தருவது. சில பானங்களில் அதை எவ்வளவு சேர்ப்பது என்பது நம் இஷ்டம். அளவைக் கூட்டினால் சிலர் மனசில் இருப்பதைக் கொட்டிவிடுவார்கள். கேட்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால், வந்தவர் கேட்காததை ஊற்றிக் கொடுத்து வாயைப் பிடுங்குவது சரியா? கேம் எதுவும் சொல்லாது. நாமே யோசித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஜில்லின் மனசும் விளையாட்டின் ஒரு பகுதிதான். வீட்டில் அவள் ஆசைப்பட்ட பொருளை வாங்கித் தராவிட்டால், வேலையில் கவனம் சிதறும். வாடிக்கையாளர் கேட்டதை நமக்கு நினைவூட்ட மாட்டாள். சரி, வாங்கிக் கொடுத்துவிடலாம் என்றால் வாடகைப் பணம் கரையும். மாதச் சம்பளக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒருநாள் காபி என்ற இளம்பெண் பாருக்கு வருகிறாள். ஜில்லின் முன்னாள் காதலி லெனோரின் தங்கை. லெனோர் இறந்துவிட்டாள் என்கிறாள். சண்டை போட்டுப் பிரிந்த பிறகு ஜில் அவளிடம் சமாதானமே பேசவில்லை. இனி பேசவும் முடியாது.

இந்த இடத்தில், 'மன்னிப்புக் கேள்' என்று ஒரு பட்டனாவது வராதா என்று விரல் தேடும். வராது. எவ்வளவு பிரமாதமாக விளையாடியிருந்தாலும் லெனோர் திரும்பி வரப் போவதில்லை. காபியையும் ஜில்லையும் எதிரெதிரே உட்காரவைத்துவிட்டு, நம்மைச் சும்மா படிக்கச் சொல்கிறது கேம்.

வாடகைக்குக் கெடு நெருங்குகிறது. மறுநாளும் ஜில் பாருக்குப் போயாக வேண்டும்.