பிரேக் இன்ஸ்பெக்டர் பிரேக்கைப் பார்க்கட்டும்



பதிவு கொஞ்சம் நீளம். முழுதும் படிக்காமல் கை கூப்பும் படத்தைப் போட்டுவிட்டு நழுவுகிறவர்களை எனக்குத் தெரியும்.

நம் பழைய மாணவர் குழுவில் நான்கு நாளாக ஒரே சண்டை. லாரி வைத்திருக்கும் பிள்ளைகள், "ரோட்டில் வண்டியை மறித்துச் சோதனை போடுவதையே நிறுத்தணும், அது வழிப்பறி" என்கிறார்கள். கார் வைத்திருக்கும் பிள்ளைகள், "லாரிக்காரன் பூரா குடிச்சிட்டு ஓட்டுறான், இன்னும் பத்து செக்போஸ்ட் போடு" என்கிறார்கள். இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை. திருச்செங்கோடு பக்கத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் அறிவியல் பாடம் நடத்தியவன் நான். என் வகுப்பில் உட்கார்ந்தவர்களில் டிரைவர் உண்டு, முதலாளி உண்டு, பாடி கட்டுகிறவர் உண்டு, போக்குவரத்துத் துறையில் சம்பளம் வாங்குகிறவரும் உண்டு. எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

வழிப்பறி என்கிற சொல்லை நான் மறுக்கவில்லை. சேவ் லைஃப் அறக்கட்டளை 2020-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த நாட்டு லாரிக்காரர்கள் வருஷத்துக்கு ஏறக்குறைய 48,000 கோடி ரூபாய் லஞ்சமாகக் கொடுக்கிறார்கள் என்று கணக்குச் சொன்னார்கள். பேட்டாவில் மிச்சம் பிடித்து வீட்டுக்கு அனுப்பும் ஒரு டிரைவரின் சட்டைப் பையிலிருந்தும் அதில் ஒரு பங்கு போயிருக்கும். ஆனால் அதிலிருந்து "சோதனையே வேண்டாம்" என்ற முடிவுக்கு எப்படி வருகிறீர்கள்? பரீட்சையில் காப்பி அடிக்கிறார்கள் என்றால் காப்பியைத்தானே தடுக்க வேண்டும்?

மோட்டார் வாகன ஆய்வாளருக்கு நம் ஊரில் என்ன பெயர்? பிரேக் இன்ஸ்பெக்டர். எவ்வளவு சரியான பெயர்! அந்தப் பெயருக்குரிய வேலை ரோட்டில் நடந்து யாராவது பார்த்திருக்கிறீர்களா? வண்டி நிற்கும். டிரைவர் ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஜீப்பை நோக்கி ஓடுவார். ஆர்.சி., பர்மிட், இன்சூரன்ஸ், எஃப்.சி., புகைச் சான்று. ஜீப்பில் இருப்பவர் கீழே இறங்குவதுகூட இல்லை. காகிதம் சரியாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் கை நீளும். வண்டிக்கு அடியில் ஒருவரும் குனிவதில்லை.

ஏன் குனிய வேண்டும் என்பதைப் பாடமாகவே சொல்கிறேன். பத்துச் சக்கர லாரியின் மொத்த எடை வரம்பு 25 டன்னாக இருந்தது. 2018-இல் அதை 28.5 டன்னாக உயர்த்தினார்கள். அந்த எடையோடு மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டியை நிறுத்தினால், அதன் இயக்க ஆற்றல் சுமார் 70 லட்சம் ஜூல். கிட்டத்தட்ட 24 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகிற வெப்பம் அது. அத்தனையும் பிரேக் டிரம்மில்தான் இறங்கியாக வேண்டும், வேறு போக்கிடம் கிடையாது. இது சமதளத்தில். தொப்பூர் கணவாய் போல ஓர் இறக்கத்தில் 100 மீட்டர் உயரம் இறங்கினால் அதைப்போல நான்கு மடங்கு. இதில் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்களுக்கு எஞ்சினின் இழுவைத் தடையும் கிடையாது. முழுப் பாரமும் லைனிங் மேல். லைனிங் தேய்ந்து, அட்ஜஸ்ட்மென்ட் தளர்ந்த வண்டியாக இருந்தால் என்ன ஆகும் என்று தொப்பூரில் டீக்கடை வைத்திருப்பவர் சொல்வார். பத்திரிகையில் மட்டும் "பிரேக் பிடிக்காததால்" என்று ஒரு வரியோடு முடித்துவிடுகிறார்கள்.

"வருஷத்துக்கு ஒரு தடவை எஃப்.சி. பார்க்கிறார்களே சார்?" என்று ஒரு பையன் கேட்டிருந்தான். எட்டு வருஷம் ஆகாத வண்டிக்கு அதுவும் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் தம்பி. எஃப்.சி. காட்டுகிற அன்றைக்கு நல்ல டயரை மாட்டிக்கொண்டு போய், திரும்பி வந்ததும் கழற்றி வைக்கும் கதை உனக்கே தெரியும். மொட்டை டயரோடு இன்று இரவு ரோட்டில் ஓடும் வண்டியை ரோட்டில்தான் பிடிக்க முடியும்.

வெளிநாட்டில் இருக்கும் என் உறவுகள் சிலர், "அங்கெல்லாம் டிரைவர்கள் ஒழுங்கு" என்று எழுதியிருக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றிலும் சேர்ந்து வருஷத்தில் 72 மணி நேரம் தொடர்ந்து சாலைச் சோதனை நடத்துகிறார்கள். அதில் பார்க்கப்படும் வண்டிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று அங்கேயே ஓரங்கட்டப்படுகிறது. வித்தியாசம் சோதனையில் இருக்கிறது. முழுச் சோதனைக்கு 37 படிகள். ஆய்வாளர் வண்டிக்கு அடியில் போகிறார். பிரேக்கைத் தள்ளும் தண்டில் சாக்பீஸால் ஒரு கோடு போடுகிறார், டிரைவரைப் பிரேக்கை அழுத்தச் சொல்லி எவ்வளவு நகர்ந்தது என்று அளக்கிறார். பிரேக்குகளில் ஐந்தில் ஒரு பங்கு பழுது என்றால் வண்டி நகரக் கூடாது. சரிசெய்த பிறகுதான் போகலாம். காலமெல்லாம் நான் கையில் பிடித்த அதே சாக்பீஸ்தான். நம் அரசாங்கத்தால் வாங்க முடியாத கருவியா?

இங்கே ஓவர்லோடுக்கு 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 என்று 2019 திருத்தம் சொல்கிறது. அதே பிரிவில், மிகுதிச் சுமையை இறக்காமல் வண்டி நகரக் கூடாது என்றும் இருக்கிறது. யார் இறக்குகிறார்கள்? ரசீது வாங்கியதும், அல்லது ரசீது இல்லாமல் கொடுத்ததும், அதே சுமையோடு வண்டி கிளம்புகிறது. அபராதம் டோல் கட்டணம் மாதிரி ஆகிவிட்டது. முன்னால் போகிற உங்கள் காருக்கு அந்த ரசீதால் என்ன பாதுகாப்பு?

அடுத்தது டிரைவரின் கண். 1961-இலேயே வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம் என்றது, நீண்ட தூரத்துக்கு மிஞ்சிப்போனால் 10. அதுவும் ஐந்து தொழிலாளர்களாவது இருந்த நிறுவனத்துக்குத்தான்; ஒன்றிரண்டு வண்டிக்காரர் அதன் கணக்கிலேயே வரவில்லை. முன்பு நெடுந்தூரத்துக்கு இரண்டு டிரைவர், ஒரு கிளீனர் போவார்கள். இப்போது பல வண்டிகளில் ஒற்றை ஆள். விடிகாலை மூன்று மணிக்கு அவரை மறிக்கும் எந்த அதிகாரியாவது, "கடைசியாக எப்போதய்யா தூங்கினாய்?" என்று கேட்டதுண்டா? லாரிக்காரன் குடிகாரன் என்று எழுதிய கார்க்காரப் பிள்ளைகளே, குடித்தவனைவிடத் தூங்காதவன் எண்ணிக்கை அதிகமாக இருக்கும் என்பது என் எண்ணம். இருபது மணி நேரம் ஸ்டியரிங் பிடித்தவனை ஊதச் சொன்னால் கருவி ஒன்றும் காட்டாது.

இப்போது முதலாளிப் பிள்ளைகளுக்கு. நாளை காலைக்குள் சரக்கு சேர வேண்டும் என்று போன் போட்டது நீங்கள். லைனிங்கை "அடுத்த டிரிப்பில் பார்த்துக்கலாம்" என்றதும் நீங்கள். விபத்து நடந்தால் தப்பித்து ஓடுவதும் அடி வாங்குவதும் ரிமாண்டுக்குப் போவதும் டிரைவர். வாடகை கட்டுபடியாகவில்லை, டீசல் விலை, டோல், இன்சூரன்ஸ், பைனான்ஸ் தவணை, எல்லாம் எனக்குத் தெரியும். வாடகையை அடித்துக் குறைத்து, வரம்புக்கு மேல் ஏற்றிவிடும் கம்பெனிக்காரர் எந்தச் சோதனையிலும் மாட்டுவதில்லை என்பதும் தெரியும். அதற்காகத்தான் உங்கள் சங்கம் போராட வேண்டும். ஏற்றியவனையும் வழக்கில் சேர் என்று கேளுங்கள். ஆய்வாளர் சட்டையில் கேமரா மாட்டு, ரொக்கத்தைத் தொடாதே என்று கேளுங்கள். அமெரிக்காவில் லாரிக் கதவில் எழுதிய எண்ணை வைத்து அந்த நிறுவனத்தின் வண்டிகள் எத்தனை முறை ஓரங்கட்டப்பட்டன என்று யாரும் பார்க்கலாம், அதையும் கேளுங்கள். ஒழுங்காக வண்டி வைத்திருக்கும் முதலாளிக்கு அது லாபம்தான்.

2022-இல் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் செத்தார்கள். விபத்து எண்ணிக்கையில் அந்த வருஷம் முதலிடம் தமிழ்நாடு. லாரிக்குள் இருந்தவர்களும் அதில் அடக்கம்.

துறையில் இருக்கும் என் மாணவர்கள் இதைப் படித்துவிட்டு, "ஆள் பற்றாக்குறை சார்" என்பார்கள். இருக்கட்டும். ஒரு நாளைக்கு நூறு ஃபைல் பார்க்கிற நேரத்தில் பத்து வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள், போதும்.

மறுப்பு இருந்தால் இங்கேயே கீழே எழுதுங்கள். குழுவில் எழுதினால் காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் எனக்குத் தப்பிவிடுகிறது.