சம்ஸ்காராவின் முடிவும் சந்திரியின் செயலும்

பெங்களூரின் இலக்கிய வகுப்புகளிலும் திரைப்படக் கழகங்களிலும் 'சம்ஸ்காரா' பேசப்படும்போதெல்லாம் விவாதம் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. அக்ரகாரத்தைவிட்டு வெளியேறிய பிராணேசாசார்யர் இறுதியில் துர்வாசபுரத்துக்குத் திரும்புகிறார். தான் செய்ததை ஊராரிடம் ஒப்புக்கொள்வாரா, மறைத்துவிடுவாரா? படம் பதில் சொல்வதில்லை. அந்தப் பதிலின்மையே படத்தின் மேன்மை என்பது ஒரு தரப்பு. அது நழுவல் என்பது மறு தரப்பு. இரு தரப்பும் ஒரு முன்முடிவைப் பகிர்ந்துகொள்கின்றன: கதையின் தலையாய கேள்வி கடைசிக் காட்சிவரை தீர்க்கப்படாமல் இருக்கிறது என்பதே அது. இந்த முன்முடிவைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

கதை அறிந்ததே. மாத்வ பிராமணர்களின் அக்ரகாரத்தில் நாரணப்பா இறந்துகிடக்கிறான். சாளக்கிராமத்தை ஆற்றில் எறிந்தவன், புலால் உண்டவன், கீழ்ச்சாதிப் பெண்ணாகிய சந்திரியோடு வாழ்ந்தவன். ஆனால் அவன் உயிரோடிருந்தபோது சாதிவிலக்கம் செய்யப்படவில்லை. ஆகவே பிராமணனாகவே இறந்தான். அவனுக்கு ஈமக்கடன் செய்வது யார்? பிணம் எடுக்கப்படாதவரை அக்ரகாரத்தில் அடுப்பு எரியக்கூடாது. பசியில் வாடும் பிராமணர்கள் பிராணேசாசார்யரின் தீர்ப்பை எதிர்நோக்கியிருக்கிறார்கள். அவர் ஏடுகளைப் புரட்டுகிறார், விடை கிட்டவில்லை. மாருதி கோயிலில் காத்திருக்கிறார், தெய்வமும் வாய் திறக்கவில்லை. திரும்பும் வழியில் காட்டிருளில் சந்திரியோடு கூடுகிறார். பின்னர் நோயாளி மனைவி பாகீரதியும் கொள்ளைநோய்க்கு இரையாக, அவளைத் தகனம் செய்துவிட்டுக் கால்போன போக்கில் நடக்கிறார். வழித்துணையாக ஒட்டிக்கொள்ளும் புட்டாவோடு மேளிகேயின் திருவிழாக் கூட்டத்தில் அலைந்து, கடைசியில் ஊர் திரும்பத் தீர்மானிக்கிறார்.

இந்தப் படத்தின் மதிப்பைப் பேசும்போது படத்தையும் அதைச் சூழ்ந்துள்ள ஒளிவட்டத்தையும் பிரித்துப் பார்ப்பது கடினம். யு. ஆர். அனந்தமூர்த்தியின் நாவல் 1965இல் வெளிவந்தது. தெலுங்குக் கவிஞரான பட்டாபிராம ரெட்டி 1970இல் அதைத் திரைப்படமாக்கினார். திரைக்கதை எழுதி ஆச்சாரியராக நடித்தவர் கிரீஷ் கர்னாட். நாரணப்பாவாக பி. லங்கேஷ், சந்திரியாகச் சிநேகலதா ரெட்டி. ஒளிப்பதிவு ஆஸ்திரேலியரான டாம் கோவன். இசை ராஜீவ் தாராநாத். தமிழ்நாட்டுக்கும் இதில் பங்குண்டு. 'மெட்ராஸ் பிளேயர்ஸ்' நாடகக் குழுவை நிறுவியவர்களுள் ஒருவர் சிநேகலதா. கலை இயக்கம் சோழமண்டலம் ஓவியர் எஸ். ஜி. வாசுதேவ். படத்தை முதலில் தடுத்ததும் சென்னைத் தணிக்கை வாரியமே. மத்திய அரசின் தலையீட்டால் தடை நீங்கியபின், சிறந்த திரைப்படத்துக்கான தேசிய விருதைப் பெற்ற முதல் கன்னடப் படமாயிற்று. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், சிநேகலதா கைதாகிப் பெங்களூர் மத்திய சிறையில் அடைக்கப்பட்டார். ஆஸ்துமாவால் அவதியுற்று, பரோலில் வெளிவந்த சில நாட்களில், 1977 ஜனவரியில் மறைந்தார். அந்தச் சிறை வளாகம்தான் இன்று 'ஃப்ரீடம் பார்க்' என வழங்குகிறது. தடை, விருது, சிறை என்னும் மூன்றும் படத்துக்கு ஒரு தார்மீகப் பெருமையை ஈட்டித் தந்துள்ளன. ஆனால் அந்தப் பெருமை படத்தின் இறுதிக் காட்சியை நியாயப்படுத்தும் சான்றாகிவிடாது.

இனி முன்முடிவுக்கு வருவோம். படம் எழுப்பும் முதல் கேள்வி, இந்தப் பிணத்தை யார் எரிப்பது என்பது. இக்கேள்வி இறுதிவரை தொங்கிக்கொண்டிருப்பதில்லை, நடுவிலேயே தீர்ந்துவிடுகிறது. ஆச்சாரியர் எந்த முடிவுக்கும் வரமாட்டார் என்று கண்ட சந்திரி, ஓர் இஸ்லாமியரின் துணையோடு இரவோடிரவாக நாரணப்பாவைத் தகனம் செய்துவிட்டு ஊரைவிட்டே போய்விடுகிறாள். சாத்திரமும் தெய்வமும் தராத விடையை அவள் கைகள் தந்துவிட்டன. அக்ரகாரத்தாருக்கு அது தெரியாது. ஆச்சாரியருக்கும் தெரியாது. பார்வையாளருக்கு மட்டும் தெரியும். இதைவிடக் கூர்மையான அங்கதம் படத்தில் வேறில்லை. ஆனால் ஐம்பதாண்டு விவாதம் இந்த இடத்தை ஒரு கதைத் திருப்பமாகக் கடந்துபோய், ஆச்சாரியரின் மனப் போராட்டத்தில் சென்று தங்கிவிடுகிறது.

இதற்கு எதிராக வலுவான ஒரு வாதம் உண்டு. நாவலை ஆங்கிலத்தில் 1976இல் வெளியிட்ட ஏ. கே. ராமானுஜன், தம் பின்னுரையில் இதனைச் சடங்கியல் நோக்கில் அணுகினார். பிரிதல், இடைநிலை, மீள்சேர்க்கை என மானிடவியல் வகுக்கும் மூன்று கட்டங்களில் ஆச்சாரியர் முதலிரண்டைக் கடக்கிறார். மூன்றாவது எதிர்பார்ப்பாக மட்டுமே நிற்கிறது. 'சம்ஸ்காரா' என்ற சொல்லே ஈமச் சடங்கையும், பண்படுதலையும், மனத்தில் படிந்த பழவினைத் தடத்தையும் ஒருசேரக் குறிப்பது. ஆகவே இறந்தவனுக்கான சடங்கு நடந்து முடிந்தாலும், உயிரோடிருப்பவனுக்கான சடங்கு முடியவில்லை, அது முடியாதிருப்பதே உண்மை என்பது இவ்வாசிப்பின் சாரம். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆச்சாரியர் ஊர்ச்சபையில் நின்று உண்மையை முழங்குவதாகப் படம் முடிந்திருந்தால் அது வெறும் மேடை நாடகமாகியிருக்கும். மறைத்துவிடுவதாக முடிந்திருந்தால் மலிவான கேலியாகியிருக்கும்.

ஆனால் இவ்வாதம் நாவலுக்குப் பொருந்தும் அளவுக்குப் படத்துக்குப் பொருந்துகிறதா என்பது வேறு கேள்வி. நாவலின் பின்பாதி ஏறக்குறைய முழுமையும் ஆச்சாரியரின் அகவோட்டம். தன் வீழ்ச்சியை அவர் தன் விருப்பமாக மாற்றிக்கொள்ள முயல்வதும், அச்சமும், தன்னையே ஏமாற்றிக்கொள்ளும் தந்திரங்களும் வாசகருக்குத் திறந்துகிடக்கின்றன. நாவலின் முடிவில், வழியில் வரும் வண்டியில் ஒருவருக்கு மட்டுமே இடமிருக்கிறது. புட்டா பின்தங்க, ஆச்சாரியர் தனியே ஏறிக்கொள்கிறார். அந்த இடத்தில் என்ன நடக்கும் என்று தெரியாவிட்டாலும், என்னவெல்லாம் பணயமாக இருக்கிறது என்பது வாசகருக்குத் தெரியும். திரைப்படத்தில் அந்த அகம் கர்னாடின் முகத்துக்கும் மௌனத்துக்கும் ஒப்படைக்கப்படுகிறது. நாவலில் தெளிவின்மை அறிவின் மிகுதியால் விளைகிறது. படத்தில் அது பெரிதும் தகவலின் குறைவால் விளைகிறது. இரண்டையும் ஒரே சொல்லால் பாராட்டுவது விமரிசனமாகாது.

அனந்தமூர்த்தி இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஆய்வு மாணவராக இருந்தபோது, இங்மார் பெர்க்மனின் 'ஏழாவது முத்திரை' (1957) படத்தைப் பார்த்த தாக்கத்தில் இந்நாவலை எழுதியதாகச் சொல்லியிருக்கிறார். ஒப்பீடு பயனுள்ளது. அங்கும் கொள்ளைநோய், அங்கும் இறைவனின் மௌனம், அங்கும் விடைதேடும் ஒருவன். பெர்க்மனின் வீரனுக்குக் கடைசிவரை விடை கிட்டுவதில்லை. ஆயினும் சாவோடு ஆடும் சதுரங்கத்தில் காய்களைத் தட்டிவிட்டு, ஒரு கூத்தாடிக் குடும்பம் தப்பிச்செல்ல அவகாசம் ஏற்படுத்துகிறான். அறிதல் தோற்ற இடத்தில் செயல் ஒன்று மிஞ்சுகிறது. துர்வாசபுரத்தில் அத்தகைய செயலைச் செய்பவள் சந்திரி. ஆச்சாரியர் அல்லர். ஆனால் கேமரா அவளைப் பின்தொடர்வதில்லை. ஆச்சாரியரையே பின்தொடர்கிறது.

ஆச்சாரியரின் நடத்தையை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒன்று புலப்படும். நாரணப்பா உயிரோடிருந்தபோது அவனை விலக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை, திருத்திவிடலாம் என்று தள்ளிப்போட்டார். இறந்தபின் ஏடுகளைச் சாக்கிட்டுத் தள்ளிப்போட்டார். பின்பு தெய்வத்தைச் சாக்கிட்டுத் தள்ளிப்போட்டார். இப்போது ஊர் திரும்புகிறார், படம் அவருடைய முடிவைத் தள்ளிப்போடுகிறது. இவ்வகையில் பார்த்தால் இறுதிக் காட்சி புதிர் அன்று. ஒரு மனிதரின் வாழ்நாள் வழக்கத்தின் கடைசித் தவணை. ஒத்திவைப்புக்கு என்ன விலை என்பதைப் படத்தின் முன்பாதி கண்முன் நிறுத்துகிறது: அழுகும் பிணம், செத்து விழும் எலிகள், கூரைகளில் வந்தமரும் கழுகுகள். ஒவ்வொரு மணி நேரத் தயக்கமும் நாற்றமாக மாறுகிறது. இறுதி ஒத்திவைப்புக்கோ எந்த விலையும் காட்டப்படுவதில்லை. விலை கொடுக்க வேண்டியவள் திரையைவிட்டு முன்பே போய்விட்டாள். தன் செயலின் விளைவைச் சுமந்து அவள் எங்கே, எப்படி வாழப்போகிறாள் என்பதும் திறந்த முடிவே. ஆனால் அதைத் திறந்த முடிவு என்று யாரும் அழைப்பதில்லை.

அதே அனந்தமூர்த்தியின் கதையை ஒட்டிக் கிரீஷ் காசரவள்ளி 1977இல் எடுத்த 'கடசிராத்த'வை அருகில் வைத்தால் வேறுபாடு துலங்கும். அங்கே கருவுற்ற இளம் விதவை யமுனாவுக்கு, அவள் உயிரோடிருக்கும்போதே ஈமச் சடங்கு நடத்தப்படுகிறது. தலை மழிக்கப்பட்டு ஊருக்கு வெளியே விடப்பட்டவளைச் சிறுவன் நாணி பார்த்தபடி நீங்குகிறான். ஐயத்துக்கு இடமில்லாத முடிவு. ஆனாலும் 'சம்ஸ்காரா'வைவிட அது பார்வையாளரை நெடுநேரம் தொந்தரவு செய்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு கசப்பான விதி தென்படுகிறது. தவறிய ஆணுக்குச் சமூகம் தத்துவச் சிக்கலை வழங்குகிறது, தவறியதாகக் கருதப்படும் பெண்ணுக்குத் தண்டனையை வழங்குகிறது. தெளிவின்மை என்பதே ஒருவகைச் சலுகையாக இருக்கக்கூடும்.

தமிழ் வாசகருக்கு இது புதிதன்று. ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில், கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் பெண்ணின் தலையில் தாய் நீரூற்றித் தூய்மையாக்கிக் கதையை முடித்துவைக்கிறாள். அந்த முடிவை ஏற்காத வாசகர்களின் சர்ச்சைக்குப் பதிலாக, தாய் அவ்வாறு செய்யாதிருந்தால் என்னவாகும் என்று எழுதிப் பார்த்த நாவலே 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. ஒரு முடிவின் தகுதியை அது மூடியதா திறந்ததா என்பதைக்கொண்டு ஜெயகாந்தன் அளக்கவில்லை. யார் தலையில் அதன் பாரம் விழுகிறது என்பதைக்கொண்டு அளந்தார்.

அப்படியானால் 'சம்ஸ்காரா' மிகைமதிப்புப் பெற்ற படமா? அவ்வாறு சொல்வதும் அவசரத் தீர்ப்பே. ஒப்பனையற்ற முகங்கள், கறுப்பு வெள்ளையில் வெயிலும் இருளும் மோதும் தெருக்கள், பசியும் பேராசையும் சாத்திரத்தின் மொழியில் பேசும் சபைக் காட்சிகள் ஆகியவை கன்னடத் திரையுலகுக்கு ஒரு புதிய கண்ணைத் தந்தன. 'வம்சவிருட்சம்' (1971), 'சோமன துடி' (1975) போன்ற படங்கள் தோன்றுவதற்கான நிலத்தை அது பண்படுத்தியது. ஈமச் செலவுக்காகச் சந்திரி தன் நகைகளைக் கழற்றி வைத்தவுடன், அதுவரை தீட்டென்று ஒதுங்கியவர்கள் சடங்கு செய்யப் போட்டியிடத் தொடங்குவது இந்தியத் திரையின் மிகச் சிறந்த காட்சிகளுள் ஒன்று. இவையனைத்தும் படத்தின் முன்பாதியில், அக்ரகாரத்தின் புழுதியில் இருக்கின்றன. படத்தின் உண்மையான தகுதியும் அங்கேயே இருக்கிறது. கடைசிக் காட்சியில் அதைத் தேடுவது, ஆச்சாரியர் ஏடுகளில் விடை தேடியதற்கு ஒப்பாகும்.

ஆகவே இப்படம் அடுத்தமுறை வகுப்பறையில் திரையிடப்படும்போது, 'ஆச்சாரியர் ஒப்புக்கொள்வாரா?' என்ற வினாவை ஆசிரியர்கள் சற்று ஒதுக்கிவைக்கலாம். பிணம் எரிந்துவிட்டதை அறிந்த ஒரே மனிதக்கூட்டம் பார்வையாளர்கள்தான். அறிந்த பிறகும் ஏன் ஆச்சாரியரின் விடைக்காகவே காத்திருக்கிறார்கள் என்று மாணவர்களைக் கேட்கலாம். அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடைகள் படத்தைப் பற்றி மட்டுமல்லாது, எவருடைய மனப் போராட்டத்தை இலக்கியம் என்றும் எவருடைய செயலை வெறும் சம்பவம் என்றும் கல்விப்புலம் வகைப்படுத்தி வந்துள்ளது என்பதைப் பற்றியும் பேசும்.