காற்றில் கனியும் பிசாங் ராஜா

பிரிக்பீல்ட்ஸ் தெருவோரத்தில் மாலைதோறும் மணக்கும் பிசாங் கோரேங் எனும் வாழைப்பழப் பொரியலின் மீது எனக்குள்ள பிரியம் சிறிதும் குறையவில்லை என்றாலும், 2010இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய ஏர் ஃப்ரையர் இன்று கிள்ளான் வரையில் அநேக வீடுகளில் இடம்பிடித்திருக்க, அதைக் கோழி பொரிப்பதற்கு மாத்திரமே உபயோகிப்பது பெரும் நஷ்டம் என்பது என் திடமான அபிப்பிராயம். தோல் கறுக்கத் தொடங்கிய பிசாங் ராஜா வாழைப்பழத்தை நெடுக்காகப் பிளந்து, வெட்டிய முகத்தில் நெய் தடவி, ஏலப்பொடி தூவி, 180 டிகிரியில் 10 நிமிஷம் வைத்தால், விசிறி சுழற்றும் உஷ்ணக் காற்றில் ஈரம் வற்றி, பழத்தின் சொந்தச் சர்க்கரையே பொன்னிறமாக முறுகி, ஓரங்களில் பாகாகக் கசிகிறது. மேலே சிறிது தேங்காய்ப்பூ போதும், சீனி வேண்டியதேயில்லை. பெரியவர்களில் ஏறக்குறைய 6 பேரில் ஒருவர் நீரிழிவுக்கு ஆளாகியுள்ள மலேசியாவில், தீபாவளி விருந்திலும் இதைச் சுடச்சுடப் பரிமாற எவரும் கூச வேண்டியதில்லை. நீரிழிவுள்ளோர் மட்டும் பாதிப் பழத்தோடு நிறுத்திக்கொள்வது உசிதம்.