ஆயிரம் வருஷம் இருக்கப் போறது எது?

நண்பர் ஒருத்தர் போன வாரம் போன் பண்ணி, பிளாட்டினம் பிரிண்ட் ஒண்ணு வாங்கப் போறேன்னார். விலையைக் கேட்டதும் எனக்கு இருமலே வந்துடுச்சு. "ஆயிரம் வருஷம் தாங்குமாம் தம்பி, பேரன் பேத்திக்கெல்லாம் ஆகும்." விக்கிறவங்க சொல்லிக் கொடுத்த வாசகம். இந்த ஆயிரம் வருஷக் கணக்கு மேல எனக்கு ரொம்ப நாளா ஒரு கடுப்பு. இங்கே கொட்டிடறேன்.

1873-ல் இங்கிலாந்தில் வில்லியம் வில்லிஸ் காப்புரிமை வாங்கின முறை இது. படம் காகித நாரிலேயே உலோகத் துகளாகப் படியும். சாதா கறுப்பு வெள்ளைப் படத்தில் இருக்கிற வெள்ளி, காத்துல உள்ள கந்தகம் பட்டு மஞ்சளாகிடும். வெள்ளிக் குத்துவிளக்கு கறுக்கிற அதே கதை. பிளாட்டினத்துக்கு அந்தக் கவலை இல்லை. பல்லேடியமும் கிட்டத்தட்ட அப்படித்தான். படம் மங்காதுங்கறதுல எனக்குச் சண்டையே இல்லை.

சண்டை காகிதத்தைப் பத்தி. பிளாட்டினம் தான் மாறாது, பக்கத்துல இருக்கறதை மாத்திவிடும். வினையூக்கின்னு பள்ளிக்கூடத்துல படிச்சோமே, அது! கார் புகைக்குழாயில பிளாட்டினமும் பல்லேடியமும் வைக்கிறது அதுக்குத்தான். 1831-லேயே பிரிஸ்டல் நகர வினிகர் வியாபாரி பெரெக்ரின் பிலிப்ஸ், பிளாட்டினத்தை வெச்சு கந்தக டை ஆக்சைடிலிருந்து கந்தக அமிலம் தயாரிக்கக் காப்புரிமை வாங்கிட்டார். 42 வருஷம் கழிச்சு அதே உலோகத்தைக் காகிதத்தில் ஏத்தி, நிலக்கரிப் புகை மண்டின ஊர்ல மாட்டினா என்ன ஆகும்? பழைய பிளாட்டினம் படங்கள் பலதுல கறுப்பு அப்படியே இருக்கு. காகிதம் பழுத்து, தொட்டா ஒடியற மாதிரி ஆகிடுச்சு. ஆல்பத்தில் எதிர்ப்பக்கத் தாளில் அதே படம் இடவலம் மாறி, பழுப்பு நிழலாப் பதிஞ்சிருக்கும். பிளாட்டினம் படம்னு கண்டுபிடிக்க அந்த நிழலும் ஒரு அடையாளம். (பேய் மாதிரி இல்ல?)

இன்னொண்ணு, படத்தை வரவழைக்கிற இரும்பு உப்பு. அதைச் சரியாக் கழுவி எடுக்கலைன்னா மஞ்சள் தட்டும். அந்தக் காலத்துல ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவினாங்க, அது காகிதத்துக்கு எமன். இப்போ ஈ.டி.டி.ஏ. இருக்கு, நல்ல பருத்திக் காகிதமும் இருக்கு. ஆனா அதையெல்லாம் யார் விளம்பரத்துல போடறாங்க?

"அண்ணே, ஆயிரம் வருஷத்தை ஓரமா வைங்க. என்ன காகிதம், எதுல கழுவினீங்க, இதை மட்டும் கேளுங்க. பதில் சொன்னா வாங்கி, அமிலமில்லாத அட்டைக்குள்ள வைங்க. திணறினா அந்த விலை வேண்டாம்"னு சொன்னேன்.

"கேட்டுட்டு கூப்பிடறேன்"னார். இன்னும் போன் வரலை :-)