கருத்த திரையும் மாணவர் கடமையும்

மடிக்கணினியின் திரை ஒருநாள் காலையில் திடீரெனக் கருத்துப் போமாயின், நம்முட் பலர் செய்வது யாது? உள்ளவை அனைத்தையும் அழித்துவிட்டு, லினக்ஸைப் புதிதாக நிறுவத் தொடங்குகின்றனர். இவ்வழக்கம் கற்பார்க்குத் தகாதது என்பதே யாம் ஈண்டு உரைக்கப் புகுவது.

எம் விடுதித் தோழர் ஒருவர், வரைகலை இயக்கியொன்றைத் தம் கையாலேயே நிறுவியிருந்தார். அஃது அன்றிருந்த கெர்னலுக்கு மட்டும் பொருந்துமாறு அமைந்தது. பின்னர்ப் புதிய கெர்னல் வந்தது; இயக்கி அதனோடு பொருந்தாமையால் திரை கருத்தது. யாரோ கூறிய சொற்கேட்டு அவர் வட்டினை அழித்தார். மூன்று திங்கள் தொகுத்த ஆய்வுக் குறிப்புகளும் உடன் அழிந்தன. புதிதாக நிறுவிய பின் திரை ஒளிர்ந்தது. இயக்கியையும் முன்போலவே நிறுவினார். அடுத்த கெர்னல் வந்த அன்றே திரை மீண்டும் கருத்தது! காரணத்தை அறியாது நோயை மட்டும் மறைத்தமையின் பயன் இஃதன்றோ?

இரண்டாம் முறை யாம் உடனிருந்தோம். கணினி தொடங்குங்கால் தோன்றும் கிரப் பட்டியலிற் பழைய கெர்னலைத் தெரிந்தெடுத்தோம்; திரை உடனே ஒளிர்ந்தது. முன்னரும் அவ்வழி திறந்தே இருந்தது. கெர்னல் மாறுந்தோறும் இயக்கியைத் தானே மீட்டமைக்கும் டிகேஎம்எஸ் முறையைப் பின்னர் மேற்கொண்டார். அதன்பின் அவ்விடர் தோன்றிற்றிலது.

“யாம் இலக்கியமும் வரலாறும் பயில்வோர், இயக்கியை ஆராய எமக்கு நேரமேது? ஒரு மணியில் புதிதாக நிறுவிவிடலாமே” என்பார் உளர். கோப்புகளுக்கு வேறிடத்திற் படி இருப்பின் அவர் கூற்றில் ஓரளவு நியாயமுண்டு. ஆயினும், காரணம் அறியப்படாத குறை மீண்டும் வரும். அது தேர்வுக்கு முன்னாளிலும் வரலாம்.

ஆராய்தலும் அத்துணை அரிதன்று. பழைய கெர்னலும் பயன்படாவிடின், கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 என்னும் விசைகளை ஒருங்கே அழுத்தி எழுத்துத் திரையை நாடலாம். அதுவும் தோன்றாவிடின், தொடக்க வரியில் ‘நோமோட்செட்’ என்னும் சொல்லைச் சேர்த்து எளிய காட்சிமுறையில் நுழையலாம். கோப்புகளுக்குப் படியெடுத்தலே அங்குச் செய்யத்தக்க முதற் பணி. பின்னர், ‘எல்எஸ்பிசிஐ’ கட்டளையை ‘கே’ என்னும் குறியோடு இட்டால், வரைகலைக் கருவியை எவ்வியக்கி ஆள்கின்றது என்பது புலனாகும். ‘ஜர்னல்சிடிஎல்’ காட்டும் பதிவேட்டிற் பிழையின் சுவடு பெரும்பாலும் கிடைக்கும். கையொப்பமில்லா இயக்கியைச் செக்யூர் பூட் தடுத்தலும் உண்டு; அதனை வட்டினை அழித்து நீக்கவியலாது, அவ்வமைப்பு வட்டில் இல்லாமையின். ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியதைத் தாளிற் குறித்தல் இன்றியமையாதது. இரண்டினை ஒருங்கே மாற்றினார்க்கு எதனாற் குணமாயிற்று என்பது விளங்காது.

ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ஆம் ஆண்டிற் கெர்னலை வெளியிட்டு, அதன் மூலநிரலை எவரும் படித்தறியுமாறு செய்தார். படிக்கத் திறந்து வைக்கப்பட்ட ஒன்றைப் படியாமலே அழிக்க முற்படுதல் மாணவர்க்கு அழகோ? ஆதலின் நண்பர்காள், இனித் திரை கருக்குமாயின், அழிப்பதன் முன் அரைமணி நேரமேனும் காரணத்தைத் தேடுமாறு வேண்டுகின்றோம்.