மயக்கம் என்ற ஒற்றைச் சொல்

குழந்தைக்கு அடிக்கடி தலைசுற்றலும் வாந்தியும் வருகிறது என்றால், நம் வீடுகளில் அதற்கான காரணம் உடனே கிடைத்துவிடுகிறது. பித்தம், சூடு, கண்ணேறு, வயிற்றுப்பூச்சி, காலையில் சாப்பிடாதது, பள்ளிக்குச் செல்ல மனமில்லாதது. தொக்கம் எடுப்பவரிடம் ஒருமுறை, மருந்துக்கடையில் வாந்தியை நிறுத்தும் சிரப்புக்காக இருமுறை, பிறகு ஒரு மருத்துவர், அடுத்த மாதம் வேறொரு மருத்துவர் என்று அலைச்சல் தொடர்கிறது. ஒவ்வொரு முறையும் வாந்தி நின்றுவிடுகிறது. நின்றுவிடுவதாலேயே, அது ஏன் வந்தது என்ற கேள்வியும் அத்துடன் கைவிடப்படுகிறது.

குழந்தைகள் நல மருத்துவராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில், இதில் நான் காணும் முதல் சிக்கல் நம் பேச்சுவழக்கிலேயே இருக்கிறது. 'மயக்கமா வருது' என்று குழந்தை சொல்கிறது. பசிக் களைப்பும் மயக்கம்தான். கண் இருட்டிக்கொண்டு வருவதும் மயக்கம்தான். வீடே சுழல்வதும், பொருள்கள் இரண்டாகத் தெரிவதும், நடக்கையில் கால் தள்ளாடுவதும் மயக்கம்தான். இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு உறுப்பைச் சுட்டுகின்றன. அறை சுழல்கிறதா, எழுந்து நின்றதும் கண் இருள்கிறதா, நேராக நடக்க முடிகிறதா என்று பிரித்துக் கேட்டால் ஐந்து வயதுக் குழந்தையும் ஓரளவு விடை சொல்லிவிடும். கேட்பதற்குத்தான் நேரமில்லை. உலக நாடுகளில் ஆரம்ப நிலை மருத்துவர்கள் ஒரு நோயாளிக்குச் செலவிடும் நேரத்தைத் தொகுத்து 2017-ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், இந்தியாவின் சராசரி ஏறத்தாழ 2 நிமிடங்கள். சுவீடனில் 22 நிமிடங்களுக்கும் மேல்.

இத்தகைய குழந்தைகளில் கணிசமானோருக்கு இருப்பது மைக்ரேன் எனப்படும் ஒற்றைத் தலைவலியின் குழந்தைப் பருவ வடிவம். தலைவலியே இல்லாமல் அது வரக்கூடும் என்பது பலருக்கு வியப்பளிக்கும். விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தை திடீரென வெளிறிப்போய், அஞ்சி, அருகில் இருப்பதைப் பற்றிக்கொள்ளும். சில நேரம் வாந்தி எடுக்கும். சில நிமிடங்களில் ஒன்றும் நடக்காததுபோல் மீண்டும் ஓடும். தாய்க்கோ பாட்டிக்கோ ஒற்றைத் தலைவலி உண்டா என்ற ஒரு கேள்வி இங்கே பல பரிசோதனைகளுக்குச் சமம். இக்குழந்தைகளைத்தான் 'நடிக்கிறான்' என்று வீட்டிலும் பள்ளியிலும் அடித்துவிடுகிறார்கள்.

ஆனால், மற்றொரு வகையில் தாமதத்துக்கு இடமே இல்லை. எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை ஐந்து மாத அலைச்சலுக்குப் பிறகு என்னிடம் அழைத்து வந்தனர். கையில் நான்கு இடங்களின் சீட்டுகள். நான்கிலும் வாந்திக்கான மருந்து மட்டும். எப்போது வாந்தி வருகிறது என்று கேட்டபோது, "காலையில எழுந்ததும்தான் சார். எடுத்துட்டா சரியாயிடுவான், விளையாடப் போயிடுவான்" என்றார் தாய். ஒரு கோட்டின்மேல் குதிகாலும் விரலும் ஒட்ட நடக்கச் சொன்னேன். மூன்றாவது அடியில் சாய்ந்தான். சிறுமூளையில் கட்டி. அறுவை சிகிச்சையில் உயிர் பிழைத்தான். பார்வையின் ஒரு பகுதி திரும்பவில்லை. இரவில் படுத்திருக்கையில் மூளைக்குள் அழுத்தம் கூடுவதால் விடியற்காலை வாந்தி வருகிறது. பகலில் குழந்தை நன்றாக இருப்பதுதான் எல்லோரையும் ஏமாற்றுகிறது.

குழந்தைப் புற்றுநோய்களில் ரத்தப் புற்றுக்கு அடுத்த இடம் மூளைக்கட்டிகளுக்கு. பிரிட்டனில் இதைக் கண்டறிய ஆகும் காலம் 14 வாரங்களைத் தாண்டியிருந்தது. 2011-இல் 'ஹெட்ஸ்மார்ட்' என்ற இயக்கத்தைத் தொடங்கி, வயதுவாரியாக அறிகுறிகளை அச்சிட்ட சட்டைப்பை அட்டைகளைப் பெற்றோருக்கும் மருத்துவர்களுக்கும் வழங்கினார்கள். இரண்டே ஆண்டுகளில் அந்தக் காலம் 7 வாரங்களுக்கும் கீழே வந்தது. புதிய இயந்திரம் எதையும் அவர்கள் கண்டுபிடிக்கவில்லை.

இதைப் படித்ததும் எல்லாக் குழந்தைகளையும் சி.டி. ஸ்கேனுக்கு அழைத்துச் செல்ல வேண்டாம். சிறுவயதில் எடுக்கும் சி.டி. ஸ்கேன் கதிர்வீச்சினால் பின்னாளில் புற்றுநோய் அபாயம் சற்றே கூடுவதை, ஏறத்தாழ 1.8 லட்சம் பேரை ஆராய்ந்து 2012-இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு காட்டியது. இரண்டு வாரங்களுக்கு மேல் நீளும் வாந்தி, காலைத் தலைவலி, தள்ளாட்டம், மாறுகண், சாய்ந்த கழுத்து ஆகியவை இருந்தால் தயக்கம் கூடாது. அவசரமில்லாத நிலையில் எம்.ஆர்.ஐ. மேலானது. இன்னொரு பொறி ரத்தசோகை. தமிழகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதத்தினருக்கு அது இருப்பதாகத் தேசிய குடும்பநல ஆய்வு (2019-21) கூறுகிறது. பாதிக்கும் மேற்பட்டோரிடம் இருக்கும் குறையை ஒரு குழந்தையிடம் கண்டுவிட்டு, 'காரணம் கிடைத்துவிட்டது' என்று தேடலை நிறுத்துவது எளிது, ஆபத்தும் கூட.

மத்தியப் பிரதேசத்தில் 2025-இல், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் சிரப்பினால் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் மாண்ட பிறகு, இருமல் மருந்துகள் குறித்து ஓரளவு விழிப்பு வந்திருக்கிறது. வாந்தி மருந்துகள் இன்னமும் சீட்டில்லாமல் கைமாறுகின்றன. அவற்றில் சில, குழந்தையின் கழுத்தையும் கண்களையும் முறுக்கி இழுக்கும் பக்கவிளைவு கொண்டவை.

அரசு செய்யக்கூடியது பெருஞ்செலவு பிடிப்பதன்று. தேசிய சிறார் நலத் திட்டம் 2013 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் மருத்துவக் குழு ஆண்டுக்கு ஒருமுறை அரசுப் பள்ளிகளுக்கு வருகிறது. வாந்தி வந்த தேதி, நேரம், அதற்கு முன் உண்டதும் உறங்கியதும், எவ்வளவு நேரம் நீடித்தது என்று பெற்றோர் குறிக்க ஒரு பக்கத்தை அக்குழு தமிழில் அச்சிட்டுத் தரலாம். எந்த மருத்துவரிடம் சென்றாலும் அந்தப் பக்கம் உடன் செல்லும். அதைவிட முக்கியம், குழு ஒரு நாள் மட்டும் காணும் பிள்ளையை வகுப்பாசிரியர் ஆண்டு முழுவதும் காண்கிறார். யார் படியிறங்கும்போது கைப்பிடியைத் தேடுகிறார்கள், யாருடைய கையெழுத்து இரண்டு மாதங்களில் குலைந்தது என்பதை எடை பார்க்கும் கருவியை எடுக்குமுன் அவரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.